வாய்: இயல்பு

அந்த மருத்துவமனையில் சாப்பாட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். சமையல்காரர் இல்லை; அவருக்குச் சமைக்க மட்டும்தான் தெரியும். எல்லாம் தெரிந்தவர் உணவியல் நிபுணர். ஊழியர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் கலோரி மேடம் என்பார்கள், முகத்துக்கு நேரே வெறும் மேடம்.

மேடத்தின் அறைச் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று தொங்கியது. சாப்பிட்டது உடம்பில் எப்படிச் சத்தாக மாறுகிறது என்பதைக் காட்டும் படம். உணவுக்குழாய், இரைப்பை, ஈரல், சுருண்டு கிடக்கிற சிறுகுடல், அதன் சுவர் வழியாக ரத்தத்துக்குள் நுழைகிற சிவப்பு அம்புகள், கடைசியில் பெரிதாக ஒரு செல், செல்லுக்குள் எரிகிற ஓர் அடுப்பு. சுவர்க் கடிகாரத்துக்கு வேறு ஆணி கிடைக்காததால் அதைப் படத்தின் தலைமேலேயே மாட்டியிருந்தார்கள். அதனால் அந்தப் படத்து மனிதனுக்கு வாய் இருக்கவேண்டிய இடத்தில் மணி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வருடமாக அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

மாதம் ஒருமுறை மேடம் ஊழியர்களை அந்தப் படத்தின் முன்னால் உட்காரவைத்து வகுப்பெடுப்பார்.

"சாப்பாடுங்கிறது ருசி இல்ல, எரிபொருள். ரொட்டியில இருக்கிற மாவுச்சத்து சர்க்கரையா மாறி ரத்தத்துல கலக்குது. கறியில இருக்கிற புரதம் துண்டு துண்டா உடைஞ்சு தசையாகுது. நாம மூச்சு விடுற காத்தை வெச்சு ஒவ்வொரு செல்லும் அதை எரிக்குது. அந்த அடுப்பு அணைஞ்சா ஆள் காலி. புரியுதா?"

எல்லாரும் புரிந்ததாகத் தலையாட்டுவார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தட்டக்காவும் ஆட்டுவாள். மூன்றாம் மாடி ஆண்கள் வார்டில் முப்பது கட்டிலுக்கும் மூன்று வேளையும் தட்டு வைப்பதும் எடுப்பதும் அவள் வேலை. தள்ளுவண்டியோடு பதினாறு வருடம் நடந்தவள்.

சிலர் கைரேகை பார்ப்பார்கள், தட்டக்கா எச்சில் தட்டைப் பார்ப்பாள். தட்டை வழித்துத் தின்றவர் இரண்டு நாளில் வீட்டுக்குப் போவார். பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் கட்டியவருக்கு உடம்பில் ஒன்றுமில்லை, வீட்டில் யாரோடோ சண்டை. தொடவே தொடாத தட்டு திரும்பினால் சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும், காய்ச்சல் வரப்போகிறது. போன மாதம் நாலாம் கட்டிலில் ஒரு பழைய லாரி ஓட்டுநர் இருந்தார். பக்கவாதத்தில் முன்பே பேச்சுப் போனவர், இடுப்பு உடைந்து அறுவை சிகிச்சைக்கு வந்தார். அவர் தட்டில் ரொட்டியின் நடுப்பகுதி மட்டும் காணாமல் போயிருக்கும், ஓரம் அப்படியே கிடக்கும். ஆள் ரொம்பச் செல்லமாக வளர்ந்தவர் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் அவர் போய்ச் சேர்ந்தார்.

தட்டக்கா பார்ப்பதை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. மேடத்தின் கணக்கு வேறு. சமையலறை வாசலில் ஒரு தராசு இருந்தது. ஒவ்வொரு தட்டும் அதில் ஏறி இறங்கித்தான் வண்டிக்கு வரும். அந்த எடையைக் கலோரியாக்கி, 'நோயாளி உட்கொண்டது' என்ற கட்டத்தில் அங்கேயே எழுதிவிடுவார்கள். தட்டு மாடிக்குப் போகும் முன்பே நோயாளி சாப்பிட்டு முடித்திருப்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே அந்தச் சுரைக்காயில் எத்தனை கிராம் புரதம் என்றும் எழுதியிருந்தது. திரும்பி வருவதெல்லாம் பின்வாசல் வாளிக்குப் போகும். வாளியைத் தினமும் காலையில் ஒரு பன்றிப் பண்ணைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

ஒன்பதாம் கட்டிலுக்கு ஏலக்காரர் வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அவருக்குக் குடலிறக்கம். ஐந்து நாளில் வீட்டுக்குப் போகிற நோய். நாற்பது வருடம் பழைய மேசை நாற்காலியெல்லாம் ஏலம் விட்டு, வாயாலேயே பிழைத்த மனிதர். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் தட்டக்காவின் வண்டியிலிருந்த பாத்திர மூடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் எழுந்து நின்றார்.

"மகாராஜா வீட்டு மூடி! உள்ள இருந்த சூப்பு போயிருச்சு, வாசனை மட்டும் இலவசம்! ஒரு தரம்... ரெண்டு தரம்..."

வார்டே சிரித்தது. காலில் மாவுக்கட்டோடு கிடந்த ஒருவர் அந்த மூடியை ஏலத்தில் எடுத்தார். பதினாறு வருடத்தில் அவள் வண்டிக்கு அப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை. பளிச்சென்று இரண்டு வரிசைப் பல்லும் தெரிய அவர் சிரித்த சிரிப்பைத் தட்டக்கா வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொல்லி மாய்ந்தாள்.

அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் மயக்கம் தெளிந்து வந்தவர் வாயைத் திறக்கவில்லை. துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே கட்டிக்கொண்டார். கேள்வி கேட்டால் தலையாட்டுவார், ரொம்ப வற்புறுத்தினால் தாளில் எழுதிக் காட்டுவார். தட்டுகள் திரும்பி வந்தன, எடை இறங்கியது, தையல் ஆறவில்லை. ஐந்து நாள் மூன்று வாரமாயிற்று.

மேடம் சும்மா இருப்பாரா? முதல் வாரம் சூப்போடு ரொட்டியும் அவித்த கறித்துண்டும் சேர்த்தார். எடை குறைந்தது. இரண்டாம் வாரம் சூப்பில் சத்தில்லை என்று அதை நிறுத்திவிட்டு, கொண்டைக்கடலையும் தோலோடு ஆப்பிளும் வைத்தார். எடை இன்னும் குறைந்தது. மூன்றாம் வாரம் பாதாம் வந்தது, வறுத்த சோயா வந்தது, கறித்துண்டு இரட்டிப்பானது. எடை குறையக் குறையச் சத்து கூடியது, சத்து கூடக் கூடச் சாப்பாடு கல்லானது. ஏலக்காரர் தட்டைப் பார்ப்பார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார்.

"ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து நானூறு கலோரி," என்று மேடம் கோப்பைத் தட்டிக் காட்டினார். "ரெண்டு பேருக்கான சாப்பாடு. இதுக்கு மேல நான் என்ன செய்யட்டும்?"

பெரிய டாக்டர் தன் மாணவர்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தினார். "துண்டுக்கு மேலயே பாருங்க, கன்னம் எப்படி உள்ள போயிருக்கு. தசை கரையுது. சத்து உள்ள போகுது, குடல் வாங்க மாட்டேங்குது." மாணவர்கள் குழிந்த கன்னத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ரத்தம் எடுத்தார்கள், மலம் எடுத்தார்கள், குடலை எந்திரத்தில் படம் பிடித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததே பெரிய சந்தேகமாகிவிட்டது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஒரு பழமொழி உண்டு. இந்த மருத்துவமனை அதை அப்படியே சட்டமாக்கி வைத்திருந்தது. வயிறு இந்தக் கட்டடம், வாய் சாலைக்கு அந்தப்பக்கம் வேறு கட்டடம். இங்கே வாய்க்கு ஒரே ஒரு வரிதான். தினசரிப் படிவத்தில் 'வாய்: இயல்பு' என்று, பக்கத்தில் டிக் குறியோடு, அச்சகத்திலிருந்தே வந்துவிடும். கைக்கு வேலை மிச்சம்.

ஒருமுறை ஏலக்காரர் தாளில் எழுதி சிஸ்டரிடம் நீட்டினார்: 'ஆபரேஷனுக்கு முன் என்னிடம் வாங்கி வைத்ததைத் தரவும்.' சிஸ்டர் உடனே பதிவேட்டைப் பார்த்து, கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினார். ஏலக்காரர் ஏதோ மேலும் எழுதப் போனார். அதற்குள் மகள் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க, தாளைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மாலையே மனநல மருத்துவர் வந்து, 'பொருள்களில் நாட்டமில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்' என்று எழுதிவிட்டுப் போனார்.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். தினமும் ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வருவாள். மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை அவள் கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வியாழன் காலை எட்டு மணிக்கு அப்பாவின் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்கப்போகிறார்கள். மறுபடி மயக்க மருந்து. இந்த எடையில் அது இதயத்துக்கு ஆபத்து, எழாமலும் போகலாம், ஆனால் வேறு வழியில்லை. புதன் மாலைக்குள் கையெழுத்து வேண்டும். மகள் நடைபாதையில் நின்று அழுததைத் தட்டக்கா பார்த்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, தட்டுகளைச் சத்தமாக அடுக்கி அடக்கிக்கொண்டாள்.

புதன் காலை பின்வாசலில் பண்ணைக்காரர் வாளியைத் தூக்கிப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"தங்கச்சி, உங்க மேடத்துக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லு. மூணு வாரமா கறியும் கடலையுமா வருது, இப்ப பாதாமும். என் பெரிய பன்னி பதினோரு கிலோ ஏறியிருக்கு. இந்த ஆஸ்பத்திரியில தேறினது அது ஒண்ணுதான்."

"அங்க ஒருத்தருக்குப் பதினோரு கிலோ எறங்கியிருக்குண்ணே," என்றாள் தட்டக்கா. "நல்லா சாப்பிட்டும் உடம்புல ஒட்டலைங்கிறாங்க. நாளைக்கு வயித்துல ஓட்டை போடப் போறாங்க."

"சாப்பிட்டாரா?" பண்ணைக்காரர் வாளியைக் காட்டினார். "அப்ப இது என்ன?"

"சாப்பிடலைன்னு எனக்குத் தெரியும், சிஸ்டர்கிட்ட சொன்னா ஏட்டைக் காட்டுறாங்க. ஏன் சாப்பிடலைன்னுதான் தெரியல. மனசு சரியில்லையாம்."

"பன்னிக்கும்தான் மனசு இருக்கு. ஆனா எடை எறங்குச்சுன்னா நான் மனசைப் பார்க்க மாட்டேன், வாயைத் தொறந்து பார்ப்பேன். பல்லு ஆடுதா, ஈறு வீங்கியிருக்கான்னு. அங்க அரைபட்டு எச்சில் சேர்ந்தாத்தானே உள்ள சத்தா போகும்? வாய் சரியா இருந்தாத்தான் நான் வயித்துப் பக்கமே வருவேன்."

தட்டக்கா வாளிக்குள் பார்த்தாள். நடுப்பகுதி மட்டும் போன ரொட்டி. நகத்தால் சுரண்டிய ஆப்பிள். சப்பிச் சப்பி வெளுத்துப்போன கறித்துண்டு. மூன்று வாரமாக இதை அவளும் தினம் பார்த்தவள்தான், எச்சில் படிக்கத் தெரிந்தவள் என்ற மிதப்பு வேறு. தலையில் அடித்துக்கொண்டாள். விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள்.

அறுவை அறைக்கு வெளியே ஓர் இரும்பு அலமாரி உண்டு. அவள் தினமும் வண்டியை நிறுத்துகிற இடம். மயக்கம் கொடுக்கும் முன் நோயாளியிடமிருந்து கழற்றுவதில் கடிகாரமும் மோதிரமும் விலை உள்ளவை, அவை பதிவேட்டில் ஏறி சிஸ்டரிடம் போகும். பல்செட்டுக்குப் பதிவு கிடையாது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கட்டில் எண்ணையும் தேதியையும் ஒட்டி, கீழ் இழுப்பறையில் வைத்துவிடுவார்கள். வார்டிலிருந்து வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று அறுவை அறைக்காரர்கள் இருந்தார்கள். அறுவை அறையிலிருந்து அனுப்புவார்கள் என்று வார்டுக்காரர்கள் இருந்தார்கள். இழுப்பறைக்குப் பூட்டுக்கூட இல்லை. அடுத்தவன் பல்லை எவன் திருடப்போகிறான்?

அவள் இழுத்துத் திறந்தாள். ஒன்பதாம் கட்டில் முன்னாலேயே இருந்தது. பளிச்சென்ற இரண்டு வரிசை, மூன்று வாரத் தூசி மூடிமேல்.

அதன் பின்னால் இன்னும் நாலு டப்பாக்கள் இருந்தன. பதினாலு, பதினேழு, இவர்கள் இன்றைக்கும் வார்டில்தான் படுத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு, அவர் எப்படியோ உயிரோடு வீட்டுக்குப் போய்விட்டார். கடைசி டப்பாவின் மேல் நாலு என்று எழுதியிருந்தது. தேதி போன மாதத்தது.

தட்டக்கா அந்த டப்பாவை எடுத்து முந்தானையால் தூசியைத் துடைத்தாள். செல்லமாக வளர்ந்தவர் என்று நினைத்தது நினைவுக்கு வந்தது. தன் நாக்கையே பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மதியத் தட்டு வைக்கும்போது ஒன்பதாம் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, கழுவிக் கொண்டுவந்த டப்பாவைக் கரண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏலக்காரர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. துண்டுக்குப் பின்னாலேயே கை போய் வந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். துண்டு இறங்கியபோது மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"மூணு வாரமா கேட்டிருக்கலாமேய்யா!" தட்டக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "உயிரு போற நேரத்துல இதுல என்ன வெக்கம்?"

"இருபத்திரண்டு வருஷம்மா," என்றார் அவர். "என் சம்சாரத்துக்கு மட்டும்தான் தெரியும், அவளும் போயிட்டா. சிரிச்சே சரக்கு வித்தவன் நான். என் பொண்ணு 'எங்கப்பா பல்லு முத்து மாதிரி'ன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கு. அவகிட்ட மட்டும் சொல்லிராதம்மா."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தட்டக்கா வாக்குக் கொடுத்த பிறகு அவர் சாப்பிட ஆரம்பித்தார். முதல் கறித்துண்டைக் கடித்து மென்றதும் முகம் கோணியது.

"இதைத் திங்கிறதுக்கா நான் பல்லுக்கு ஏங்கினேன்? உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. ஏலத்துல விட்டா ஒரு பய கேக்க மாட்டான்."

சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் தின்றார். பாதாமைக் கடகடவென்று அரைத்த சத்தம் திரைக்கு வெளியே கேட்டது. தட்டில் ஒரு சோயாகூட மிச்சமில்லை.

ஐந்து மணிக்கு மகள் கையெழுத்துப் போடவேண்டிய படிவத்தோடு வந்தாள். "வாம்மா" என்று அப்பா கூப்பிட்டார். பேனா கீழே விழுந்தது. கன்னம் நிறைந்த அப்பா. சிரிக்கிற அப்பா. "ஒண்ணுமில்லடா, திடீர்னு பசி எடுத்துச்சு," என்றார். மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெற்றுத் தட்டோடு திரும்பிய தட்டக்காவுக்கு நெஞ்சு லேசானது.

வியாழன் காலை பெரிய டாக்டர் அதே மாணவர்களோடு வந்து அசந்து நின்றார். "பாருங்க, ஒரே நாள்ல கன்னம் ரொம்பியிருக்கு! உயர்புரத உணவோட பலன் இது." குழாய் ரத்தானது. மாணவர்கள் மறுபடி படம் எடுத்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் இந்தக் காக்கைக்கு மாலை போட ஏற்பாடு நடந்தது. மகள் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். மேடம் தன் கடமையைத்தான் செய்ததாகச் சொன்னார்.

அடுத்த வாரம், ஏலக்காரர் வீட்டுக்குப் போன மறுநாள், மேடம் தட்டக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"திங்கள்லேர்ந்து முப்பது கட்டிலுக்கும் ஒன்பதாம் கட்டில் சாப்பாடுதான். பாதாம், சோயா, கறி. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டார். இதைப் பத்தி மாநாட்டுல பேசப் போறேன். தட்டு கனமா இருக்கும், வண்டியைப் பார்த்துத் தள்ளுங்க."

பதினாலுக்கும் பதினேழுக்கும் டப்பாக்களைத் தட்டோடு தட்டாக அவள் அந்தப் புதன்கிழமையே வைத்துவிட்டாள். அவர்களும் சாப்பிடுகிறார்கள். ஏலக்காரருக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான், அதை மீறப்போவதில்லை. ஆனால் நாலாம் கட்டிலுக்கு அவள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஒரு வாரமாக முந்தானையில் முடிந்து வைத்திருந்த டப்பாவை எடுத்து மேடத்தின் மேசைமேல் வைத்துத் திறந்தாள்.

மேடம் நாற்காலியோடு பின்னால் போனார். "சீ, என்ன இது?"

"பல்லு மேடம். ஆபரேஷன் ரூம் அலமாரியில இருந்துச்சு. போன மாசம் செத்துப்போன நாலாம் கட்டில்காரரோடது. பேச முடியாத மனுஷன். வாயில பல்லு இல்லாம மூணு வாரம் கெடந்திருக்காரு. நீங்க அவருக்கும் கொண்டைக்கடலை குடுத்தீங்க."

மேடம் டப்பாவைப் பார்க்கவில்லை. கோப்புகள் இருந்த பக்கம் திரும்பி நாலாம் கட்டிலின் கோப்பை இழுத்தார்.

"அவருக்கு நாங்க ஒரு குறையும் வெக்கல. இதோ பாருங்க, ஒவ்வொரு நாளும் ரெண்டாயிரம் கலோரி குடுத்திருக்கோம்."

"குடுத்தீங்க மேடம். தின்னது பன்னி."

மேடம் பக்கங்களைப் புரட்டினார். இருபது நாள், இருபது தாள். ஒவ்வொன்றிலும் உட்கொண்ட கலோரி, ஒவ்வொன்றிலும் 'வாய்: இயல்பு', டிக். கடைசியில் இருபத்தொன்றாவதாக ஒரு தாள் இருந்தது. அதில் தேதியை மேடம் ஒருமுறை படித்தார், மறுமுறையும் படித்தார். நாலாம் கட்டிலை எரித்துவிட்டு வந்த மறுநாளின் தேதி அது. அன்றைக்கும் அவர் இரண்டாயிரம் கலோரி உட்கொண்டிருந்தார். அன்றைக்கும் வாய் இயல்பாக இருந்தது.

தட்டக்கா டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வாசல்வரை போனாள். பிறகு திரும்பிச் சுவரில் தொங்கிய வாயில்லாத படத்து மனிதனைப் பார்த்தாள்.

"அந்தக் கடிகாரத்தைக் கழட்டி வேற எடத்துல மாட்டுங்க மேடம்," என்றாள். மதியத் தட்டுக்கு நேரமாகியிருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.